மழையில் காயும் விரிப்பு

மழை பெய்யும்போது யாராவது துணி காயப் போடுவார்களா? நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் சந்தில் தித்தீனா அக்கா போட்டாள். அதுவும் பெரிய படுக்கை விரிப்பு. இந்த மாடிக்கும் எதிர் மாடிக்கும் கட்டிய கொடியில், சந்து திரும்புகிற சுவரில் வரைந்திருந்த பையனின் முகத்தை அப்படியே மறைத்துக்கொண்டு தொங்கியது.

நேப்பிள்ஸுக்கு வருகிறவர்கள் சுவர்ப் படம் பார்க்க எங்கள் சந்துக்குள் ஒரு நடை வந்துவிட்டுத்தான் போவார்கள். அன்றும் ஒரு கூட்டம் குடையோடு நின்றது. கூட்டி வந்த வழிகாட்டி ரெனாத்தோவுக்குக் கோபம். அவனும் இந்த ஊர்தான், ஆனால் மேட்டுத் தெரு.

"அக்கா, அந்தத் துணியை எடுங்க. இவங்க இந்தப் படத்துக்குத்தான் வந்திருக்காங்க."

"காயட்டும் தம்பி."

"மழையிலயா?"

"சோப்பு நல்லாப் போகும். உங்க வீட்ல யாரு துவைக்கிறது, இன்னும் உங்கம்மாதானா?"

சந்தே சிரித்தது. அவன் முகம் சிவந்துவிட்டது. போன வாரமும் இதே நேரம் இதே துணி என்றான். நகராட்சியில் சொல்லிக் கொடிகளையெல்லாம் அறுத்துவிடச் செய்வேன் என்றான். படம் வரைந்த பிள்ளைகளுக்கு நீங்கள் காட்டும் மரியாதை இதுதானா என்றும் கேட்டான்.

அந்தக் கடைசிக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி, அவனை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

படத்தில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து சிரிப்பவன் லூச்சோ. போன வருஷம் விபத்தில் போய்விட்டான். கூட்டாளிகள் ஆசையாக வரைந்தார்கள். அவன் அம்மா ஃபிலோமேனா இங்கேதான், மூன்றாவது வீடு. முதல் நாள் படத்தைப் பார்த்தவர் நடுச்சந்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கதவே திறக்கவில்லை. படத்தை அழிக்கவும் எங்களுக்கு மனசில்லை, அந்த அம்மாவைப் பட்டினி போடவும் மனசில்லை. அதனால் காலையில் அவர் ரொட்டி வாங்கப் போய் வரும்வரை எங்களில் யாராவது ஒருத்தி விரிப்பைப் போட்டுவிடுவோம். இன்று தித்தீனா முறை.

ரெனாத்தோ அந்த விரிப்பை ஒரு தரம் பார்த்தான். அதற்குள் மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது.

அவன் சட்டென்று கூட்டத்தை மறுபக்கம் திருப்பினான். யாரோ கிறுக்கிவிட்டுப் போன, கால் குறைந்த ஆக்டோபஸ் ஒன்றைக் காட்டி, உலகத்தில் இல்லாத கலை மாதிரி விளக்க ஆரம்பித்தான்.

ஃபிலோமேனா பையும் குடையுமாக வந்தார். எப்போதும் தலையைக் குனிந்தபடி போய்விடுவார். அன்று விரிப்புக்குக் கிட்டே வந்ததும் நின்றார். அதிலிருந்து தண்ணீர் குடை மேல் சொட்டியது.

"தித்தீனா."

"என்ன அக்கா?"

"வெயில்லயும் காயுது, மழையிலயும் காயுது. அதுவும் நான் ரொட்டி வாங்கப் போற நேரத்துல மட்டும். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

ஆக்டோபஸ் விளக்கம் பாதியில் நின்றது.

ஃபிலோமேனா குடையை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"போதும்டி. துணியை எடு. எம் புள்ளையைப் பாத்துட்டுப் போறேன்."