முன்சக்கரத்துக்கு இரண்டு எலுமிச்சை

தகனினியில் ஜூன் மாதக் குளிர்காலத்துக் காலைப் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. போன கிழமை வாங்கிய பழைய பஜேரோ, கராஜைப் பார்த்தபடி முற்றத்தில் நிற்கிறது. யோகலிங்கம் பொனட்டுக்குள் குனிந்து ஒயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவிப் பார்க்கிறான். ரேடியேட்டருக்குப் பச்சைக் கூலன்ட் நேற்றே விட்டாயிற்று. வைப்பர் ரப்பர் புதிது. டயருக்குக் காற்றும் சரி. உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவன் மனைவி சுகிர்தா காத்திருக்கிறாள். புக்கெகோஹியில் மரக்கறி பொதிசெய்யும் வேலைக்கு இன்றுதான் முதன்முதலாகத் தனியே ஓட்டிப் போகிறாள். "இன்னும் என்னப்பா பாக்கிறியள்?" என்கிறாள். "பொறும். றோட்டு முழுக்கப் பனி மூடிக் கிடக்கு."

பொனட்டை மூடிவிட்டு வேலியோர மரத்தடிக்குப் போகிறான். சடங்கு என்றாலே சிரிக்கிறவன், கை நிறைகிற இரண்டு எலுமிச்சம்பழங்களைப் பறித்து வந்து, நசுக்கிக்கொண்டு புறப்படட்டும் என்று முன்சக்கரங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைக்கிறான், உருளாதபடி அழுத்தி. சுகிர்தா பார்க்கிறாள்; சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். "லைட்டைப் போட்டுக்கொண்டு போம்." "ஓம். போயிட்டு வாறன்." வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்து, தெருவில் இறங்கித் திரும்புகிறது. சிவப்பு விளக்குகள் பனிக்குள் கரைகின்றன. பிறகுதான் அவன் கீழே பார்க்கிறான். வைத்த இடத்திலேயே இரண்டும் ஈரம் மினுங்க முழுசாகக் கிடக்கின்றன. எடுக்கக் குனிந்தவன் அப்படியே நிமிர்கிறான். கிடக்கட்டும். பின்னேரம் அவள் முன்பக்கமாகத்தானே உள்ளே வருவாள்.