பிள்ளை வாக்கு

"தம்பி சொல்லு."

"தங்கச்சி."

அம்மா கிள்ளினாள்.

தொடையின் உள்பக்கம், கவுன் மறைக்கிற இடத்தில். சின்னவளுக்கு மூன்றரை வயது. அழுகை வந்தது. சத்தம் வரவில்லை. இந்த வீட்டில் பிள்ளைகள் சத்தமில்லாமல் அழப் படித்திருந்தார்கள்.

"அம்மா வயித்துல யாரு இருக்கா?"

"தங்... தம்பி."

"இழுக்காம சொல்லு."

"தம்பி."

காலையிலிருந்து இதுதான். உலை கொதிக்கும்போது ஒரு தடவை. தேங்காய் துருவும்போது ஒரு தடவை. கிள்ளிய இடத்திலேயே மறுபடி கிள்ளினால் பிள்ளைக்குச் சீக்கிரம் மனசில் நிற்கிறது என்பது பத்து மணிவாக்கில் அவளுக்குப் பிடிபட்டது.

பிடிபட்டதும் விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

நிறுத்தவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் புருஷனின் அக்கா, அவளுக்கு மைனி, வருகிறாள். சின்னவளை மடியில் இழுத்து வைத்துக் கேட்பாள். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள். பேச்சுத் திருந்தாத பிள்ளை சொல்லிவிடும். சொன்னால் பலிக்கும். அவன் குடும்பத்தில் அதற்கு மேல் சாட்சி கிடையாது.

போன தடவை பெரியவளைக் கேட்டார்கள். இசக்கிக்கு அப்போது மூன்று வயது. தங்கச்சி என்று சொல்லிச் சிரித்தாள். தங்கச்சிதான் பிறந்தாள். அவன் பிறந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தான். இசக்கியின் வாயில் அறைந்தான்.

"இந்த வாய்தானட்டி சொல்லிச்சு."

மேலுதட்டில் இரண்டு தையல்.

இந்தத் தடவை ஐந்தாம் மாதமே ஒரு நாள் இவளைப் பிடித்துத் தள்ளினான். குழம்பில் புளி கூடிப்போனதற்கு. இடுப்பு கிரைண்டரில் மோதியது. மூன்று நாள் ரத்தம் பட்டது. வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். நர்ஸ் நம்பவில்லை.

"இன்னொருக்க இப்படி விழுந்தியன்னா பிள்ளை தங்காது. பாத்துக்கோ."

இப்போது எட்டாம் மாதம்.

மைனி வந்தாள். சாப்பிட்டாள். கறியில் உப்பு பத்தலை என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு சின்னவளை மடியில் தூக்கி வைத்தாள்.

"ஏளா, அத்தைட்ட சொல்லு. அம்மா வயித்துக்குள்ள யாரு இருக்கா?"

கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள்.

"தம்பி."

இழுக்காமல் சொன்னாள்.

மைனி பிள்ளையின் இரண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் சொடுக்கிக்கொண்டாள். "பாத்தியால? இது உன் மூத்தவ வாய் மாதிரி இல்ல. சர்க்கரை வாய்."

அவன் சிரித்தான். அவன் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அடுப்படி நிலையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

மைனிக்குப் பெருமை தாங்கவில்லை. கொண்டுவந்திருந்த அல்வாவைக் கிள்ளிப் பிள்ளையின் வாயில் வைத்தாள்.

"எப்படிளா டக்குனு சொல்லிட்ட? யாரு சொன்னா உனக்கு?"

வாய் நிறைய அல்வா. பிள்ளை கவுனைத் தூக்கிக் காட்டியது.

"தங்கச்சின்னா கிள்ளு விழும்."

நசுங்கிய நாவல்பழம்போல் தொடை நெடுகத் திட்டுத் திட்டாக.

மைனி பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிட்டாள். மடியை உதறினாள்.

"சொல்லிக் குடுத்திருக்காளுவ. சொல்லிக் குடுத்த வாக்கு தலைகீழாத்தாம்ல பலிக்கும்."

அவன் கட்டிலை விட்டு இறங்கினான். அவசரமே இல்லை. வாசல் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போட்டான். சாரத்தை மடித்துக் கட்டினான்.

"எவ கிள்ளுனது?"

அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்தினாள். பின்னால் சுவர். இந்தப் பக்கம் அடுப்பு. அந்தப் பக்கம் கிரைண்டர்.

"நாந்தான்."

அவள் சொல்லவில்லை. அடுப்படி மூலையிலிருந்து குரல் வந்தது.

இசக்கி. ஏழு வயது. தட்டுக் கழுவிக்கொண்டிருந்த கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாந்தாம்ப்பா கிள்ளுனேன். தம்பி வேணும்னு."

அவன் இசக்கியைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். அங்கேயிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"அப்படியா?"

இசக்கி கையைப் பாவாடையில் துடைத்தாள். காதில் கிடந்த கம்மல் இரண்டையும் கழற்றினாள். திருகாணி கீழே விழுந்துவிடாமல், ஒன்று முடித்து ஒன்றாக. தங்கச்சியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். பிறகு கிரைண்டருக்கு எட்டத் தள்ளி, அறையின் நடுவில் போய் நின்றாள்.

அவள் மகளைப் பார்த்தாள்.

இல்லை என்ற சொல் நாக்கு வரை வந்தது.

உள்ளே ஒரு கால் உதைத்தது.

"ஆமா" என்றாள்.