முதலாளியின் பெயர்

"இது நான் சொன்ன பேர் இல்ல."

பொடியன் படிவத்தைத் திருப்பி மகன் முன்னால் தள்ளினார்.

மகன் படிவத்தை எடுத்துப் பார்த்தான். "அதேதான்ப்பா."

"வேற எழுதியிருக்க. மாத்து."

பிறப்புப் பதிவு அலுவலகத்தின் மூன்றாவது ஜன்னல். உள்ளே குமாஸ்தா. பின்னால் வரிசை. சுவரோரப் பெஞ்சில் மருமகள். அவள் மடியில் இரண்டு மாதப் பிள்ளை, இன்னும் பெயரில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

அறுபத்தைந்து வயதில் பொடியனுக்குப் பேருந்துப் பலகை வாசிக்கத் தெரியாது. மாத்திரையை நிறம் பார்த்துத்தான் காலைக்கு எது, ராத்திரிக்கு எது என்று பிரிப்பார். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கட்டைவிரலை நீட்டுகிற ஆள். அந்த தைரியத்தில்தான் மகன் படிவத்தில் ஒரு கட்டத்தில் மட்டும் வேறு பெயரை எழுதியிருந்தான்.

எப்படிக் கண்டுபிடித்தார்?

பேனா பிடித்தவன் எவனையும் அவர் நம்பியதில்லை. பெற்ற பிள்ளையாக இருந்தால் மட்டும் என்ன.

யோசித்தபோது மகனுக்குப் பிடிபட்டது. பித்தளைப் பலகை. பங்களா வாசலில் முதலாளியின் பெயர் பொறித்த பலகை. வாரா வாரம் எலுமிச்சை மூடி வைத்துத் தேய்த்துப் பளபளக்க வைப்பவர் இவர்தான். ஐம்பது வருடம் தேய்த்தால் எருமைக்குக்கூட எழுத்து மனசில் பதிந்துவிடும்.

அப்பா பேரனுக்குக் கேட்பது அந்தப் பெயரைத்தான். முதலாளியின் பெயரை.

எட்டு வயதில் அந்த வீட்டு வேலைக்கு வந்தவர். முதலாளிக்கும் அப்போது எட்டு வயதுதான். பொடியன் என்பதும் அந்த வீட்டுப் பெரியம்மா முதல் நாள் வைத்த பெயர். கூப்பிட்டுக் கூப்பிட்டு, அடையாள அட்டையிலும் அதுவே ஏறிவிட்டது. மகன் பெயருக்கு முன்னால் ஒரு 'பொ' நிற்கிறது. அதற்காகப் பள்ளிக்கூடத்தில் அவன் வாங்கிய கேலி கொஞ்சநஞ்சமல்ல.

"அப்பா, நான் அவர் காரை ஓட்டுறவன்," என்றான் குரலைத் தணித்து. "பையன் பேரு என்னன்னு நாளைக்குக் கேட்பாரு. என்ன சொல்ல? திமிருன்னு நினைக்க மாட்டாரா?"

"நினைச்சுக்கட்டும்."

"வீட்டுல அந்தப் பேரைச் சொல்லி 'டேய்'னு கூப்பிட முடியுமா? வாய் வருமா நமக்கு?"

"எனக்கு வரும்."

அந்தப் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஐயா. அவ்வளவுதான்.

குமாஸ்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. படிவத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தார், மகனிடம் விஷயம் கேட்டார், கிழவரின் பொத்தானில்லாத சட்டையைப் பார்த்தார்.

"பெரியவரே, அதெல்லாம் பங்களாக்காரங்க வைக்கிற பேரு. உங்க மகன் எழுதினதே அம்சமா இருக்கு. நாளைக்குப் பிள்ளை வேலைக்குப் போற இடத்துல பேரைக் கேட்டுட்டு ஆளைப் பார்த்தா சிரிப்பாங்க."

"சிரிக்கிறதோட விட மாட்டாங்க," என்றார் பொடியன். "தெரியும். அதனாலதான் காகிதத்துல ஏத்தச் சொல்றேன். ஏத்திட்டா எவனும் கை வைக்க முடியாதுல்ல?"

"கோர்ட்டுக்குப் போனாத்தான் மாத்த முடியும்."

"அது போதும்."

வரிசையில் நின்ற ஒருத்தி, "நல்ல பேருதானேப்பா கேக்குறாரு, எழுதிக் குடுத்துட்டு அனுப்புங்களேன், கால் கடுக்குது," என்றாள்.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். குமாஸ்தா புதுப் படிவம் ஒன்றை எடுத்து மற்றக் கட்டங்களை நிரப்பினார். பெயர்க் கட்டத்தைக் கடைசிக்கு விட்டுவைத்து, சாட்சிக் கைநாட்டுக்காக மைப்பெட்டியைக் கிழவர் பக்கம் நகர்த்தினார்.

பொடியன் மைப்பெட்டியை அவர் பக்கமே தள்ளினார்.

"பேனாவைக் குடுங்க."

மகன் நிமிர்ந்து பார்த்தான்.

அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார். நாக்கு நுனியைப் பல்லில் கடித்தபடி குனிந்து பெயர்க் கட்டத்தில் எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் கோலிக்குண்டு போல உருண்டு நின்றது. கால் வாங்க வேண்டிய இடத்தில் வாங்கி, புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் அழுத்தி வைத்தார். கட்டம் போதாமல் கடைசி எழுத்து வெளியே வந்துவிட்டது. தப்பு ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் மகனுக்கு உறைத்தது. பித்தளைப் பலகையில் இருப்பது ஆங்கிலம்.

அப்பா எழுதியிருந்தது தமிழ்.

"எழுதத் தெரியாதுன்னு உங்க மகன் சொன்னாரே," என்றார் குமாஸ்தா.

"வேற எதுவும் தெரியாது. ரெண்டாம் வகுப்பு வரைக்கும் போனேன். நோட்டு அட்டையில பேரு எழுதணும்ல. அதனால இது மட்டும் தெரியும்."

மகன் அந்த எழுத்துகளை மறுபடி பார்த்தான். எட்டு வயதில் இரண்டு பையன்கள். ஒரு வீடு. ஒரு பெயர்.

பொடியன் பேனாவை மூடி வைத்தார். படிவத்தைக் கையிலிருந்து விடவில்லை.

"வாசிங்க. சத்தமா வாசிங்க."

குமாஸ்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கூடத்துக்கே கேட்கிற மாதிரி அந்தப் பெயரை வாசித்தார்.

பெஞ்சில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"ம்," என்றார் பொடியன்.