வெள்ளை வேண்டாம்

“இந்தப் பொம்பளைய எல்லாப் படத்துலேருந்தும் எடுத்துடுங்க” என்றாள் வந்தவள், பென் டிரைவை மேஜைமேல் வைத்தபடி.

ஸ்டூடியோ டிசைனர் படங்களைத் திரையில் திறந்தான். பதினோரு படங்கள். எல்லாவற்றிலும் ஒரு கணவன், ஒரு சின்னப் பெண், நடுவில் பூசினாற்போன்ற உடம்பும் இடுப்பைத் தாண்டிய பின்னலுமாகச் சிரிக்கும் மனைவி.

எதிரே உட்கார்ந்திருந்தவளோ குச்சிபோல் இருந்தாள். தலையை நெற்றிவரை துணியால் சுற்றியிருந்தாள்.

“யாருங்க இவங்க?”

“பாப்பாவோட அம்மா.”

அவனுக்குச் சுருக்கென்றது. அவனுக்கும் ஒரு சித்தி இருந்தாள். வந்த மறுநாளே அம்மாவின் படங்களைக் கழற்றிப் பரண்மேல் போட்டவள்.

பல்லைக் கடித்துக்கொண்டு முதல் படத்தில் அந்த மனைவியை ஓரம் பிசகாமல் வெட்டினான். எக்ஸ்போர்ட் கொடுத்துத் திறந்து காட்டினான். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே ஆளுயரத்துக்கு வெள்ளை.

“ஐயோ, வெள்ளையடிச்ச மாதிரி வேணாம். அந்த இடம் காலியா இருக்கணும். பின்னால வேற ஆளை வெச்சா பொருந்தணும்.”

“ஜேபிஜியில காலி இடம் நிக்காதுங்க, வெள்ளையா ரொப்பிடும். பிஎன்ஜியில போட்டாத்தான் காலியாவே இருக்கும்.”

“அப்ப அதுலயே போடுங்க.”

அடுத்த இரண்டு படங்களும் கைப்பழக்கத்தில் ஜேபிஜியாகவே வந்து தொலைந்தன. எரிச்சலோடு செட்டிங்ஸுக்குள் போய் டீஃபால்ட்டையே பிஎன்ஜிக்கு மாற்றினான். இனி வெட்டி எக்ஸ்போர்ட் செய்யும் எந்தப் படத்திலும் அந்த மனைவி நின்ற இடம் காலியாகத்தான் வரும். ஒரு தாயை ஒழித்துக்கட்ட ஒரே ஒரு க்ளிக்!

ஏழாவது படம் வந்தபோது எதிரே இருந்தவளின் விரல் திரையைத் தொட்டது.

“இதுல பாப்பாவுக்குக் காய்ச்சல். ராத்திரி பூரா தோள்லயே கிடந்தா. அதான் மூஞ்சிய உம்முனு வெச்சிருக்கா.”

புருஷன் சொன்ன கதையை என்னமாய் ஒப்பிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

பதினொன்றும் முடிந்தன. பென் டிரைவை நீட்டியவனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“தப்பா நினைக்காதீங்கக்கா. போனவங்க மேல என்ன பொறாமை? வளர்ற குழந்தைக்குப் பெத்தவ முகம் தெரிய வேணாமா? எனக்கு எங்கம்மா முகமே மறந்துபோச்சுக்கா.”

அவள் கோபப்படவில்லை. பென் டிரைவைக் கைக்குள் இறுக மூடிக்கொண்டாள்.

“பொறாமை இல்ல தம்பி. எனக்கப்புறம் வர்றவ, சுவர் பூரா என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு எப்படி என் பொண்ணைக் கொஞ்சுவா?”