வேண்டாம் வகுப்பு

"உங்க ஆராய்ச்சிக்கு என் பிள்ளைதான் கிடைச்சானா?"

கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள் அந்தம்மா. மகனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவனுக்கு இருபத்தாறு வயது. அறிவு வளர்ச்சி குறைவு என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஆய்வு செய்யும் பெண் எழுந்து நின்றாள்.

"உக்காருங்கம்மா. என்ன ஆச்சு?"

"உக்கார வரலை. இவன் பேரை எடுத்துடுங்க. இனிமே வர மாட்டான்."

"நல்லாத்தானே கத்துக்கிட்டு வர்றார்?"

"எதை? வேண்டாம்னு சொல்லவா? அதுக்கு ஒரு வகுப்பு, ஒரு டீச்சர், பக்கத்துல உக்காந்து எழுதிக்க நீங்க! பிள்ளைங்க சொன்ன பேச்சு கேக்கலையேன்னு அவனவன் தலையில அடிச்சுக்கறான். கேக்கற பிள்ளையை நீங்க கெடுக்கறீங்க."

மகன் சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவரை மாதிரி நிறைய பேர், யார் எது கேட்டாலும் சரின்னு சொல்லிடறாங்கம்மா. புரியாட்டியும் சரி, பிடிக்காட்டியும் சரி. பழக்கினா மாறுமான்னு பார்க்கறோம். புதுசாக் கத்துக்கிட்டதும் கொஞ்ச நாள் எல்லாத்துக்கும் வேண்டாம்னுதான் வரும். அப்புறம் அவங்களே பிரிச்சுக்குவாங்க."

"அதுவரைக்கும் நான் உயிரோட இருக்கணுமே! சாப்பிடுடான்னா வேண்டாம். குளிடான்னா வேண்டாம். எதிர் வீட்டம்மா குட் மார்னிங் சொன்னாங்க, அதுக்கும் வேண்டாம்!"

ஆய்வுப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். அதற்குள் அந்தம்மா பார்த்துவிட்டாள்.

"சிரிம்மா, சிரி. உனக்குக் கட்டுரை, எனக்கு வயித்தெரிச்சல். என் பிள்ளைக்குன்னு இருந்த ஒரே நல்ல பேரு, சொன்னதைத் தட்ட மாட்டான்ங்கறதுதான். அதையும் பிடுங்கிட்டீங்க."

மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"சாப்பாடும் குளியலும் தொலையட்டும். என் தம்பியை அவமானப்படுத்திட்டான். அதைத்தான் என்னால தாங்க முடியலை."

"யாரு, இவரோட மாமாவா?"

"ஆமா. இவங்கப்பா போனப்புறம் சொந்தம்னு ஒருத்தர் எட்டிப் பார்க்கலை. நல்லது கெட்டதுக்குக் கூப்பிட்டாக்கூட இவனை விட்டுட்டு வான்னுதான் சொல்வாங்க. என் தம்பி ஒருத்தன்தான் லீவு கிடைச்சா காரை எடுத்துட்டு வந்துடுவான். சிநேகிதங்க கூடற இடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போவான். இப்படி ஒரு அக்கா மகனான்னு வெட்கப்பட்டதே கிடையாது. நான் கொஞ்சம் கண்ணை மூடிப் படுக்கறதே அந்த நேரம்தான்."

"சரிம்மா..."

"போன வாரம் அவன் கார் வந்து நின்னதும், இவன் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு வேண்டாம் மாமா, வேண்டாம் மாமான்னு ஒரே அலறல். தெருவே வேடிக்கை பார்த்துது. என் தம்பி முகம் செத்துப் போச்சு. 'விடுக்கா, அவன் மேல தப்பில்லை, அந்த வகுப்பு பண்ற வேலை'ன்னு பெருந்தன்மையா சொல்லிட்டுப் போனான். இன்னிக்கும் எங்களைக் கூட்டிட்டு வந்து கீழே காத்துக்கிட்டிருக்கான். பேரை எடுத்துட்டு வா, இப்படியே இவனை வெளியே கூட்டிட்டுப் போறேன்னு."

ஆய்வுப் பெண் பெயர்ப் பட்டியலை எடுத்தாள்.

"எடுத்துடறேன்மா. ஆனா சேரும்போது அவரைக் கேட்டுத்தான் சேர்த்தோம். நிறுத்தறதுக்கும் அவரைத்தான் கேக்கணும்."

"இவனையா? இவன் பல் தேய்க்கவே நான் பக்கத்துல நிக்கணும். இவனைக் கேட்டு ஒரு முடிவா? நல்லாயிருக்கு உங்க நியாயம்!"

ஆய்வுப் பெண் அவனருகில் போய் நின்றாள்.

"நீங்க வகுப்புக்குத் தொடர்ந்து வர்றீங்களா, இல்லை நிறுத்திக்கறீங்களா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"என் மூஞ்சியில என்னடா எழுதியிருக்கு? வகுப்பு போதும், மாமா கூடப் போறேன்னு சொல்லு."

"வேண்டாம்மா."

"பார்த்தியா! பார்த்தியா!" அந்தம்மா கையை ஓங்கிவிட்டாள். "பெத்தவகிட்டயே சொல்றான் பாரு! சரின்னு சொல்லுடா. சொல்றியா, இல்லை உன்னை இங்கேயே விட்டுட்டு நான் போகட்டுமா?"

"அம்மா, ப்ளீஸ். கையைக் கீழே போடுங்க." ஆய்வுப் பெண் குறுக்கே வந்தாள்.

அவன் தலை குனிந்துகொண்டான்.

"சரிம்மா."

"அப்படிச் சொல்லு." அந்தம்மா ஆய்வுப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். "பார்த்துக்க. இதுதான் என் பிள்ளை."

கீழே கார் ஹாரன் அடித்தது.

அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தான். அவசர அவசரமாக.

"டேய், என்னடா பண்றே? பொம்பளைங்க நிக்கற இடத்துல!"

"மாமா கூடப் போனா சட்டை போடக் கூடாதும்மா," என்றான். "கழட்டிட்டு ஆடணும். நாய் மாதிரி குலைடான்னா குலைக்கணும். தரையை நக்குடான்னா நக்கணும். எல்லாரும் சிரிப்பாங்க. நான் சரி, சரின்னு சொல்லணும். லேட்டாக் கழட்டினா மாமா கிள்ளுவாரு."

ஹாரன் மறுபடியும் அடித்தது.

அந்தம்மா மகனின் சட்டையை இழுத்து மூடினாள். பொத்தான்களை அவளே மாட்டினாள். ஒன்று மாறிப் போய் மாட்டிக்கொண்டது. சரி செய்யவில்லை.

"இவன் இங்கேயே இருக்கட்டும்மா," என்றாள் ஆய்வுப் பெண்ணிடம்.

வாசலில் விட்டிருந்த செருப்பை அவள் காலில் போட்டுக்கொள்ளவில்லை. கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.