முதன்மைப் பயன்பாடு

"சுஷ்மா, ஊசி போட்ட மிருகமெல்லாம் எழுந்து நின்னுடறதாம். ஃபீல்ட்லேர்ந்து மூணு ரிப்போர்ட். க்ரூப்பை மாத்தி ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பிடு, அவ்வளவுதான்."

ஏதோ விலாசத்தில் பின்கோடு தப்பு என்பது போலச் சொல்லிவிட்டு அனந்தகிருஷ்ணன் போனை வைத்தார்.

ஐரோலியில் உள்ள கால்நடை மருந்துக் கம்பெனியில் அவர் சுஷ்மாவின் மேலதிகாரி. இன்று வீட்டிலிருந்தே வேலை என்பதால் அவள் மாட்டுங்கா ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேஜையில் லாப்டாப்பைத் திறந்துவைத்திருந்தாள்.

மிருகங்களுக்கான மருந்துக்கு ஒரு குறியீடு உண்டு. அந்த மருந்து எதற்கு என்று அந்தக் குறியீடு சொல்லும். வெளிநாட்டு அலுவலகம் ஒன்று அதைத் தருகிறது. கேட்டு வாங்குவதும், தப்பென்றால் மாற்றச் சொல்லிக் கேட்பதும் சுஷ்மாவின் உத்தியோகம். எத்தனை தடவை விளக்கினாலும் சொந்தக்காரர்களுக்கு மண்டையில் ஏறாது. மாட்டு டாக்டர் என்றுதான் சொல்லித் திரிவார்கள்.

இந்த மருந்துக்குக் குறியீடு வாங்கியதும் அவள்தான். இனி பிழைக்காது என்றான மிருகத்தை வலியில்லாமல் அனுப்பிவைக்கிற வகை. இப்போது அதை மயக்க மருந்து வகைக்கு மாற்ற வேண்டும்.

ரிப்போர்ட்டுகளைத் திறந்தாள்.

கால் ஒடிந்த குதிரை ஒன்று. காலையில் ஊசி. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, போய்விட்டது என்று சொல்லிப் போய்விட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குதிரை மூன்று காலில் நின்று புல் தேடியது.

இரண்டாவது எருமை. எடுத்துப்போக வண்டி வரவில்லை, அதனால் கொட்டகையிலேயே கிடந்திருக்கிறது. அதுவும் எழுந்தது விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான்.

மூன்றாவதை அவள் படிக்கவில்லை. முதல் ரிப்போர்ட்டின் தேதி கண்ணில் பட்டுவிட்டது. போன மாதமே வந்திருக்கிறது.

ரிப்போர்ட்டை மூடினாள்.

சமையலறை வாசலில் அவர்கள் நாய் சிண்டுவின் தண்ணீர்க் கிண்ணம் இன்னும் இருந்தது. எடுத்துவிடச் சொல்லி பத்ரி இரண்டு முறை சொல்லிவிட்டான். கட்டிய கணவன் சொன்னால் உடனே செய்கிற ரகமில்லை அவள். தவிர, மனசும் வரவில்லை.

சிண்டுவுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. எழுந்திருக்க முடியாமல் இரவெல்லாம் முனகிக்கொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பூரிலிருந்து டாக்டர் வந்தார். மருந்தை சுஷ்மாவே வைத்திருந்தாள். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அனந்தகிருஷ்ணன் சாம்பிள் அலமாரியைத் திறந்து தன் கையால் எடுத்துக் கொடுத்தது. எங்கள் கம்பெனி மருந்து, கொஞ்சமும் வலிக்காது என்று டாக்டரிடம் பெருமையாகக்கூடச் சொன்னாள்.

அவள் மடியில் தலையை வைத்தபடி சிண்டு அடங்கியது. டாக்டர் குழாய் வைத்துக் கேட்டுத் தலையாட்டினார். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் கட்டடத்தின் பின்புறத் தென்னைமரத்தடியில் புதைத்தார்கள். இந்த ஒரு வாரமும் அவளைத் தேற்றியது ஒன்றே ஒன்றுதான். நிம்மதியாகப் போயிற்று.

லாப்டாப்பில் விண்ணப்பம் காத்திருந்தது. 'முதன்மைப் பயன்பாடு' என்ற கட்டத்தில் 'மயக்கம்' என்று அடித்தாள். அடுத்த கட்டம், மாற்றத்துக்கான காரணம். அதைக் காலியாகவே விட்டாள்.

எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே தென்னைமரத்தடியில் ஆட்டுக்கல் தெரிந்தது.

அந்த ஞாயிறு, சரியாக விளக்கு வைக்கிற நேரம். எங்கிருந்தோ தெரு நாய்கள் ஒவ்வொன்றாகப் பின்புறத்துக்கு வந்தன. குரைக்கவில்லை. ஒன்றோடொன்று சண்டை போடவுமில்லை. புதைத்த இடத்தைச் சுற்றி நின்று, தலையைச் சாய்த்து மண்ணைக் கேட்டன. பிறகு எல்லாம் சேர்ந்து தோண்ட ஆரம்பித்தன.

சுஷ்மாதான் முதலில் பார்த்தாள். இந்த ஜன்னலிலிருந்துதான் கத்தினாள்.

"தோண்டித் தின்னுடப் போறதுகள் பத்ரி. மேலே ஏதாவது கனமா வையேன்."

வாட்ச்மேன் கம்போடு ஓடிவந்து விரட்டினான். பத்ரி மண்ணை மறுபடி தள்ளி, நன்றாக மிதித்து இறுக்கினான். பால்கனியில் சும்மா கிடந்த ஆட்டுக்கல்லை அவனும் வாட்ச்மேனுமாகக் கீழே இறக்கிக்கொண்டுபோய் மேலே வைத்தார்கள்.

நாய்கள் காம்பவுண்டை விட்டுப் போகவில்லை. திரும்பி வந்து கல்லைச் சுற்றிப் படுத்துக்கொண்டன.

மறுநாள் மத்தியானம்தான், யாரும் விரட்டாமலே, ஒவ்வொன்றாக எழுந்து போயின.