மொரேல் அறுக்காத புல்

"முடிஞ்சுதா, முசியே?"

நாலாவது நாளாக அதே கேள்வி, அதே மரியாதையான 'முசியே'. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, தொப்பியைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு பக்கத்துப் பண்ணைக்காரர் மொரேல் கேட்டார்.

"இல்லை" என்றேன், தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நாளைக்கு முடிஞ்சிடுமா?"

"அது வெளிச்சத்தைப் பொறுத்தது. கலையை அவசரப்படுத்த முடியாது."

அவர் தலையாட்டிவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தார்.

ரூவான் ரயில் ஸ்டேஷனில் முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு இந்த ஆற்றோரக் கிராமத்துக்குக் குடிவந்தவன் நான். வெளிச்சத்தையே துரத்தித் துரத்தி வரைந்த பிரெஞ்சு இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்கள் நின்ற பக்கம் இது. அவர்களுக்குப் பிடிபட்ட வெளிச்சம் எனக்கு மட்டும் பிடிபடாமலா போகும்? வைக்கோல் தொப்பி வாங்கினேன். தாடி வளர்த்தேன். ஓவியம் ஒன்றுதான் பாக்கி.

காலையில் நீர்வண்ணம். தாள் ஊறி, ஆறும் மரமும் ஒன்றாகிக் குழம்பிவிடும். அதற்கு 'பனிமூட்டம்' என்று பெயர் வைத்துவிடுவேன். மதியத்துக்கு மேல் எண்ணெய் வண்ணம்.

முக்காலியை மொரேலின் புல்வெளிக்கு நேர் எதிரே போட்டிருந்தேன். இடுப்பளவு புல். நடுநடுவே சிவப்புப் பாப்பிப் பூக்கள். பின்னால் ஆறு, அதற்கும் பின்னால் நெட்டைப் பாப்ளர் மரங்கள்.

மனிதர் தினமும் வந்து கேட்டாரே ஒழிய, ஒரு தடவையாவது வேலியைத் தாண்டி வந்து படத்தைப் பார்க்கவில்லை. மாட்டோடு மாடாக வாழ்கிறவருக்கு ஓவியத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் மூன்று தடவை வந்தார். கடைசித் தடவை மேற்கே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ராத்திரி மழை வரும்போல இருக்கு."

"வரட்டுமே. மேகம் கூடினா எனக்கு நல்லதுதான்."

தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "சரி, முசியே" என்று போய்விட்டார்.

மூன்று நாள் விடாமல் கொட்டியது. மழை விட்டதும் ரொட்டி வாங்கப் போனேன். வழியெல்லாம் வயல்கள் மொட்டையாகக் கிடந்தன. எல்லாரும் புல்லை அறுத்துக் காயவைத்து, மழைக்கு முன்பே கொட்டகையில் ஏற்றிவிட்டார்கள். மொரேலின் புல் மட்டும் சேற்றோடு சேறாகப் படுத்துக் கறுத்துப்போயிருந்தது.

ரொட்டிக் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மொரேல் பண்ணின வேலையைப் பாத்தீங்களா? அஞ்சு நாள் நல்ல வெயில். மனுஷன் வேலியில கை வெச்சுக்கிட்டு எங்கிட்ட அரட்டை அடிக்க வந்துட்டார். சோம்பேறித்தனத்துக்கு ஓர் அளவு வேண்டாமா?"

கடைக்காரி கோலெத் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"அவரு திங்கக்கிழமை காலையிலேயே டிராக்டரைக் கிளப்பிட்டாரு. பாதி வழியில திரும்பிட்டாரு."

"ஏன், ரிப்பேரா?"

"நீங்க எதுத்தாப்புல உக்காந்து வரைஞ்சிட்டிருந்தீங்க. 'அந்த மனுஷர் பாத்துப் பாத்து வரையறாரு, அவர் கண்ணு முன்னாடியே எப்படி அறுக்கறது, முடிச்சுக்கட்டும்'னு சொல்லிட்டாரு. கிட்ட வந்து நின்னா உங்களுக்குத் தொந்தரவுன்னு வேலியைக்கூடத் தாண்டல. எங்க வீட்டுக்காரர் எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு. கேட்டாத்தானே? இப்ப குளிர்காலத்துக்குப் பதினெட்டு மாட்டுக்கு என்ன போடப் போறாரோ."

ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போய் அந்த ஓவியத்தை எடுத்தேன். நான் வரைந்ததிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். நேரே மொரேல் வீட்டுக்கு நடந்தேன்.

முற்றத்தில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மொரேல்."

"தினமும் கேட்டேனே" என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

மன்னிப்பைக் கோவையாகக் கேட்க எனக்கு வரவில்லை. ஓவியத்தை நீட்டினேன். "இது உங்களுக்கு."

ஈரக் கையைக் கால்சட்டையில் இரண்டு தடவை துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்து, மனைவி ஒதீலையும் கூப்பிட்டார். இரண்டு பேரும் வெகுநேரம் பார்த்தார்கள்.

"மேகமெல்லாம் ரொம்ப அழகா வந்திருக்கு" என்றாள் ஒதீல்.

மொரேல் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"நம்ம புல்லு எங்க இருக்கு?"

ஓவியத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டினேன். மூன்று இழுப்பு பச்சை. மேலே ஒரு சிவப்புப் பொட்டு. அதை முதல் நாளே, முதல் ஐந்து நிமிஷத்தில் முடித்திருந்தேன். மீதி நாளெல்லாம் மேகத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

சொன்னேன். அதை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மொரேல் அந்த மூன்று இழுப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு என் தோளில் கையை வைத்தார்.

"அடுத்த வருஷம் வானத்தை வரையறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, முசியே. அதை நான் அறுக்கறதில்லை."